மருந்துகளுக்குப் பரீட்சை வைத்த பேராசிரியர்: ஒஸ்ரின் பிரட்போர்ட் ஹில் (1897 – 1991)



காய்ச்சல் வந்தால் ஒரு பனடோல் குளிசையை விழுங்கிவிட்டுப் படுத்துவிடுகிறீர்கள். அடுத்த நாள் காய்ச்சல் விட்டுவிடுகிறது. குளிசையினாற்றான் விட்டது என்று எப்படிச் சொல்வீர்கள்? குளிசை இல்லாமலேயே விட்டிருக்கலாம் அல்லவா? உங்கள் அம்மா வைத்துத் தந்த மல்லித் தண்ணீரினாலும் விட்டிருக்கலாம். ஒருவர் மருந்து குடித்தார், பின்னர் சுகமானார் என்ற இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துவிட்டால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது.

ஒளித்தொகுப்புக்கு ஒளி அவசியம் எனக் காட்டுவதற்கு விஞ்ஞான பாடத்தில் நீங்கள் செய்த பரிசோதனையை நினைத்துப் பாருங்கள். ஒரே வகையான இரண்டு செடிகளை எடுத்து, ஒன்றை ஒளியிலும் மற்றதை இருளிலும் வைத்தீர்கள். ஒளியில் வைத்த செடி கட்டுப்பாடு எனப்பட்டது. ஆனால் மனிதர்கள் சாடியிலுள்ள செடிகள் அல்லர். ஒருவர் இளைஞர், இன்னொருவர் முதியவர். ஒருவருக்கு நோய் கடுமையாக இருக்கும், மற்றவருக்கு இலேசாக இருக்கும். அப்படியானால் மனிதரில் ஒரு மருந்தை நேர்மையாகச் சோதிப்பது எவ்வாறு? இந்த வினாவுக்கு மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட விடையைத் தந்தவர்தான் ஒஸ்ரின் பிரட்போர்ட் ஹில். அவர் வைத்தியர் அல்லர் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

நோயாளியாகிய விமானி

ஹில் 1897 ஆம் ஆண்டு யூலை மாதம் 8 ஆந் திகதி இலண்டனிற் பிறந்தார். தந்தையாரான லெனாட் ஹில் புகழ்பெற்ற உடற்றொழிலியல் விஞ்ஞானி. தந்தையின் வழியில் மருத்துவம் பயில வேண்டும் என்பதே மகனின் ஆசையாக இருந்தது. அவ்வேளையில் முதலாம் உலகப் போர் குறுக்கிட்டது. பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவிற் சேர்ந்து விமானியான அவர், ஏஜியன் கடற்பகுதிக்கு அனுப்பப்பட்டார். 1917 இல் அங்கேயே காசநோய் அவரைப் பற்றிக்கொண்டது.

சயரோகம் என்று நம் முன்னோர் அஞ்சிய நோய் இதுவே. அக்காலத்தில் அதற்கு மருந்து இல்லை. படுக்கையில் ஓய்வாக இருத்தல், தூய காற்று, நல்ல உணவு ஆகியவற்றைத் தவிர வைத்தியர்களால் எதையும் கொடுக்க முடியவில்லை. இருபது வயது இளைஞர் ஒருவர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளை வைத்தியசாலைக் கட்டிலிற் கழித்தார். உடல் தேறுவதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் சென்றன. அவர் பிழைப்பார் என எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆயினும் பிழைத்துக்கொண்டார். ஏன் பிழைத்தார்? அது அவருக்கும் தெரியாது, அவருடைய வைத்தியர்களுக்கும் தெரியாது. பின்னர் வரப்போகும் பகுதியை வாசிக்கும்போது இந்தக் கட்டிலை மறந்துவிடாதீர்கள்.

மருத்துவக் கல்லூரியின் நீண்ட படிப்பைத் தாங்க உடல்நிலை இடந்தரவில்லை. எனவே வீட்டிலிருந்தவாறே அஞ்சல்வழிப் பாடங்களைப் பயின்று, 1922 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பொருளியற் பட்டத்தைப் பெற்றார். (இலங்கையில் முந்திய தலைமுறை ஆசிரியர்கள் பலர் பெற்ற இலண்டன் வெளிவாரிப் பட்டமும் இதே பல்கலைக்கழகத்தினுடையதே.) பொருளியல் படித்தாராயினும் பொருளியலில் அவருக்கு நாட்டம் ஏற்படவில்லை. மனம் மருத்துவத்தையே சுற்றிச்சுற்றி வந்தது.

இந்நிலையில் அவருக்குக் கைகொடுத்தவர் தந்தையின் நண்பரான மேஜர் கிரீன்வூட். மேஜர் என்பது இராணுவப் பதவி அன்று, அவருடைய பெயரே அதுதான். விடை எழுதும்போது தவறிழைத்துவிடாதீர்கள். நோய்களை எண்களின் துணையோடு ஆராய்ந்தவர் அவர். மருத்துவராகாமலே மருத்துவத்துக்குத் தொண்டாற்றும் வழி ஒன்று உண்டு என்பதை ஹில் அவரிடம் கண்டுகொண்டார். தொழிலாளரின் உடல்நலம் பற்றிய ஆய்வுகளில் ஈடுபட்டவாறே, கார்ல் பியர்சன் என்ற புகழ்பெற்ற புள்ளிவிபரவியலாளரின் விரிவுரைகளுக்கும் சென்றார். 1933 இல் இலண்டன் சுகாதார, அயனமண்டல மருத்துவக் கல்லூரியில் விரிவுரை நிகழ்த்தும் பதவியைப் பெற்றார். கிரீன்வூட் ஓய்வு பெற்றபின் 1945 இல் அவருடைய இடத்துக்கே பேராசிரியராக வந்தார்.

1937 இல் லான்செற் என்ற மருத்துவச் சஞ்சிகையில் புள்ளிவிபரவியல் பற்றி அவர் எழுதிய தொடர்கட்டுரைகள் அதே ஆண்டில் நூலாக வெளிவந்தன. கணிதம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வைத்தியர்களுக்காகவே எழுதப்பட்டது அந்நூல். இடை, நூற்றுவீதம், மாதிரி எடுத்தல் போன்ற, நீங்கள் வகுப்பிற் படிக்கும் விடயங்களே அதன் அடிப்படை.

ஒன்றுவிட்டு ஒன்று முறையில் உள்ள ஓட்டை

இனி முக்கியமான கட்டத்துக்கு வருவோம். இங்கே சற்று நின்று நிதானமாக வாசியுங்கள்.

இரண்டு உதைபந்தாட்ட அணிகளைப் பிரிக்கும் பொறுப்பு உங்களுக்குத் தரப்படுகிறது எனக் கொள்வோம். உங்களுக்கு விருப்பமான அணி ஒன்று உண்டு. நீங்கள் எவ்வளவுதான் நேர்மையானவராக இருந்தாலும், நன்றாக ஓடக்கூடியவர்கள் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடுவார்கள். வைத்தியர்களும் மனிதர்களே. புதிய மருந்தில் நம்பிக்கை வைத்த வைத்தியர், பிழைக்கக்கூடிய நோயாளிகளுக்கே அதைக் கொடுத்துவிடலாம். இரக்க மனம் கொண்ட வைத்தியர், மிக மோசமான நிலையில் உள்ளவருக்கே கொடுக்கலாம். முன்னவர் செய்ததில் மருந்து உள்ளதைவிட நல்லதாகத் தோன்றும். பின்னவர் செய்ததில் உள்ளதைவிடக் கெட்டதாகத் தோன்றும். இரண்டிலும் தவறு இறுதிக் கணக்கில் நிகழவில்லை. கணக்குத் தொடங்கும் முன்னரே நிகழ்ந்துவிட்டது.

இதைத் தவிர்ப்பதற்கு அக்காலத்தில் ஒன்றுவிட்டு ஒன்று முறை கையாளப்பட்டது. முதலாவதாக வருபவருக்கு மருந்து, இரண்டாமவருக்கு இல்லை, மூன்றாமவருக்கு மருந்து என்றவாறு அது செல்லும். பார்ப்பதற்கு நியாயமான முறைதான். ஆனால் அடுத்து வருபவருக்கு என்ன கிடைக்கும் என்பது வைத்தியருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதே! தனக்குப் பிடித்தமான நோயாளியைச் சிறிது நேரம் காக்க வைத்து, அடுத்த முறைக்கு அனுப்பினால் முறை முழுவதும் குலைந்துவிடும்.

இந்த ஓட்டையை ஹில் நன்கு அறிந்திருந்தார். ஆயினும் 1937 ஆம் ஆண்டு நூலில் எழுமாற்று முறையை அவர் வெளிப்படையாக வற்புறுத்தவில்லை. வைத்தியர்கள் மிரண்டுவிடுவார்கள் என அஞ்சியே அதைத் தவிர்த்ததாக முதுமையில் அவரே ஒப்புக்கொண்டார். சீட்டுக் குலுக்கி நோயாளிக்கு மருந்து கொடுப்பதா என அவர்கள் கொதித்திருப்பார்கள் அல்லவா? ஒன்பது ஆண்டுகள் பொறுத்திருந்தார்.

எழுமாற்று முறை அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அன்று என்பதையும் இங்கு கூறிவிட வேண்டும். ரொனால்ட் பிஷர் என்ற மேதை, ரொதம்ஸ்ரெட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1920 களில் இதனை வளர்த்தெடுத்தார். எந்த வயற்றுண்டுக்கு எந்தப் பசளை என்பதை எழுமாறாகத் தீர்மானித்தால், மண்ணின் வளவேறுபாடு ஒரு பக்கமாகச் சாயாது என அவர் நிறுவினார். வயலிலிருந்து வைத்தியசாலைக்கு அதைக் கொண்டுவந்தது ஹில் செய்த வேலை.

107 நோயாளிகளும் மூடிய கடித உறைகளும்

1943 இல் ஐக்கிய அமெரிக்காவில் செல்மன் வக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில் அவருடைய மாணவரான அல்பேர்ட் ஷட்ஸ், ஸ்ரெப்டோமைசின் என்ற நுண்ணுயிர்கொல்லியைப் பிரித்தெடுத்தார். காசநோய்ப் பற்றீரியாவை அது அழித்தது. போரினால் நலிந்திருந்த பிரித்தானியாவிடம் டொலர் இல்லை. எனவே மிகக் குறைந்த அளவு மருந்தையே வாங்க முடிந்தது. எல்லா நோயாளிகளுக்கும் கொடுக்கப் போதாது. சிலருக்குத்தான் கிடைக்கும் என்றால், அந்தச் சிலரை எவ்வாறு தெரிவு செய்வது?

மருத்துவ ஆராய்ச்சிச் சபை அமைத்த குழுவில் ஹில்லும் இருந்தார். மருந்து தட்டுப்பாடாக இருக்கும் இவ்வேளையில் எழுமாற்றுச் சோதனை நடத்துவது நியாயமானது மட்டுமன்றி, நடத்தாமல் விடுவதே தவறு என்பது அவரது வாதம். எல்லாருக்கும் கொடுக்க மருந்து இல்லாதபோது, இருப்பதைக் கொண்டு உண்மையையாவது அறிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

சோதனை 1947 இல் தொடங்கியது. இரு சுவாசப்பைகளிலும் காசநோய் விரைவாகப் பரவிய, 15 முதல் 30 வயது வரையான இளம் நோயாளிகள் 107 பேர் சேர்க்கப்பட்டனர். 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு ஸ்ரெப்டோமைசின் ஊசியும் கொடுக்கப்பட்டது. நாளொன்றுக்கு 2 கிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஊசி, நான்கு மாதங்கள். மற்ற 52 பேருக்கும் படுக்கை ஓய்வு மட்டுமே.

முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஹில் எந்தக் கட்டிலிற் கிடந்தாரோ, அதே கட்டிலில் அதே வயதுடையவர்கள் கிடந்தனர். அவர்களுள் யாருக்கு மருந்து என்பதைத் தீர்மானிக்கும் முறையை வகுத்தவரும் அவரே. அவர் அப்போது என்ன நினைத்தார் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. அவர் வகுத்த முறையைப் பார்த்தாலே போதும்.

எழுமாற்று எண் அட்டவணையைக் கொண்டு ஒவ்வொரு வைத்தியசாலைக்கும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறாக, ஒரு வரிசை தயாரிக்கப்பட்டது. ஒவ்வொரு முடிவும் ஒரு சீட்டில் எழுதப்பட்டு, உறையிலிட்டு மூடப்பட்டது. உறையின் வெளியே வைத்தியசாலையின் பெயரும் இலக்கமும் மாத்திரமே இருந்தன. இந்த நோயாளி சோதனைக்கு ஏற்றவர் எனக் குழு முடிவு செய்த பின்னரே அவருக்குரிய உறை திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் உள்ளே என்ன இருக்கிறது என்பது எந்த வைத்தியருக்கும் தெரியாது. விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை.

இன்னொரு பாதுகாப்பும் இருந்தது. நோயாளிகளின் எக்ஸ் கதிர்ப் படங்களைப் பார்த்து முன்னேற்றத்தை மதிப்பிட்ட நிபுணர்களுக்கு, எந்தப் படம் எந்தப் பிரிவினருடையது என்பது மறைக்கப்பட்டது. உங்கள் பரீட்சை விடைத்தாளில் பெயருக்குப் பதிலாகச் சுட்டிலக்கம் எழுதப்படுவது ஏன் என்று உங்களுக்குத் தெரியும். காரணம் ஒன்றுதான்.

ஒரு குறையையும் சொல்லாமல் விடக்கூடாது. ஓய்வு மட்டும் பெற்ற நோயாளிகளுக்குத் தாம் ஒரு சோதனையிற் சேர்க்கப்பட்டிருக்கும் செய்தி தெரிவிக்கப்படவில்லை. அக்கால வழக்கம் அது. இன்று அவ்வாறு செய்ய முடியாது. 1964 இல் வெளியான ஹெல்சிங்கிப் பிரகடனம் முதலாக, நோயாளியின் சம்மதம் சோதனையின் அடிப்படைத் தேவையாயிற்று.

கணக்கைச் செய்து பாருங்கள்

ஆறு மாதங்களின் பின் கிடைத்த முடிவுகள் 1948 ஒக்ரோபர் 30 ஆந் திகதி பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தன. மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தனர். மருந்து பெறாத 52 பேரில் 14 பேர் இறந்திருந்தனர். எக்ஸ் கதிர்ப் படத்தில் பெரும் முன்னேற்றம் காட்டியவர்கள் முன்னைய பிரிவில் 28 பேர், பின்னைய பிரிவில் 4 பேர் மட்டுமே.

பென்சிலை எடுங்கள். 4 ஐ 55 ஆற் பிரித்து 100 ஆற் பெருக்க ஏறத்தாழ 7 நூற்றுவீதம் வரும். 14 ஐ 52 ஆற் பிரித்தால் ஏறத்தாழ 27 நூற்றுவீதம். வேறுபாடு பெரிதாகத் தெரிகிறது. ஆனால் இது தற்செயலாக ஏற்பட்டிருக்க முடியாதா? நாணயத்தைப் பத்துமுறை சுண்டினால் ஏழுமுறை தலை விழுவதும் உண்டல்லவா?

இவ்வாறு சிந்தியுங்கள். மருந்தினால் எந்தப் பயனும் இல்லை எனக் கொள்வோம். 107 பேரில் மொத்தமாக இறந்தவர்கள் 18 பேர். அந்த 18 ஐயும் இரு பிரிவுகளுக்கும் விகிதப்படி பங்கிட்டால், 55 பேர் கொண்ட பிரிவில் 9.25 பேரும் 52 பேர் கொண்ட பிரிவில் 8.75 பேரும் இறந்திருக்க வேண்டும். (18 × 55 ÷ 107 எனச் செய்து சரிபார்க்க.) உண்மையில் இறந்தவர்களோ 4, 14. எதிர்பார்த்ததற்கும் நிகழ்ந்ததற்கும் இடையிலான இவ்வளவு பெரிய விலகல் தற்செயலாக வருவதற்குரிய நிகழ்தகவு நூறில் ஒன்றைவிடக் குறைவு. கை வர்க்கச் சோதனை என இதனை உயர்தர வகுப்புகளுக்கு அப்பால் படிப்பீர்கள்.

அன்று இத்தகைய கணிப்புகளைச் செய்யக் கையாற் சுழற்றும் கணிப்பொறிகளும் அச்சிட்ட அட்டவணைகளுமே இருந்தன. 1968 இல் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற மென்பொருள் வந்தது. 1976 இல் எஸ்.ஏ.எஸ். நிறுவனம் தொடங்கப்பட்டது, மருந்துக் கம்பனிகள் தம் சோதனைகளைக் கணிக்க அதன் மென்பொருளைப் பெரிதும் பயன்படுத்தின. 1990 களில் நியூசிலாந்தின் ஒக்லண்ட் பல்கலைக்கழகத்தில் உருவாகிய ஆர் என்ற மென்பொருளை எவரும் பணம் கொடுக்காமலே பெற்றுக்கொள்ளலாம். மேலே நாம் செய்த கணக்கை அது ஒரு கணத்தில் முடித்துவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 55, 4, 52, 14 என்ற நான்கு எண்களைக் கணினிக்குக் கொடுத்தால் அது விடை தரும். யாரோ ஒரு வைத்தியர் உறையை முன்கூட்டியே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஆட்களை மாற்றியிருந்தாலும், அதே நான்கு எண்களுக்கு அதே விடையைத்தான் தரும். தான் ஏமாற்றப்பட்டது கணினிக்குத் தெரியாது. ஹில் தம் உழைப்பில் பெரும்பகுதியை இறுதிக் கணக்குக்குச் செலவிடாமல் அந்த உறைகளுக்குச் செலவிட்டது இதனாலேயே.

ஸ்ரெப்டோமைசின் முழுமையான வெற்றி பெற்றதா என்றால் இல்லை. பல நோயாளிகளின் உடலில் மருந்துக்கு அசையாத பற்றீரியாக்கள் தோன்றின. ஐந்தாண்டுகளின் பின் பார்த்தபோது இரு பிரிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு பெரிதும் சுருங்கிவிட்டது. அதையும் மறைக்காது காட்டிக்கொடுத்தது அதே சோதனைதான். அடுத்து நடத்திய சோதனையில், இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் எதிர்ப்புத்தன்மை தோன்றுவது குறையும் எனக் கண்டனர். இன்றுவரை காசநோய்க்குப் பல மருந்துகள் சேர்த்தே வழங்கப்படுகின்றன.

இம்முறை நமக்கு அண்மையிலும் வந்து சேர்ந்தது. 1956 இல் சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிச் சபை, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகியவை சேர்ந்து ஒரு காசநோய் ஆய்வு நிலையத்தை நிறுவின. ஏழை நோயாளிகளை எழுமாறாக இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மறு பிரிவினருக்குச் சுகவாச நிலையத்திலும் ஒரே மருந்துகள் கொடுக்கப்பட்டன. வீட்டிலிருந்தவாறே மருந்து எடுத்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தனர் என 1959 இல் அறிவிக்கப்பட்டது. கட்டில் கிடைக்காமற் காத்திருந்த எண்ணற்ற குடும்பங்களுக்கு அது எத்தகைய செய்தி என எண்ணிப் பாருங்கள்.

புகைத்தலும் புற்றுநோயும்

சுகாதார பாடத்தில் புகைத்தலின் தீமைகளைப் படிக்கிறீர்கள். அதற்கான சான்றுகளைத் திரட்டியவர்களுள்ளும் ஹில் முதன்மையானவர். இங்கே எழுமாற்று முறை உதவாது. நீ புகை, நீ புகைக்காதே எனச் சீட்டுப் போட்டு மனிதரைப் பிரிக்க முடியுமா?

எனவே வேறு வழி தேடினார். இளம் வைத்தியரான ரிச்சர்ட் டொல்லுடன் இணைந்து, இலண்டன் வைத்தியசாலைகளில் சுவாசப்பைப் புற்றுநோயாளர்களையும் வேறு நோயாளர்களையும் விசாரித்தார். 1950 இல் வெளியான அறிக்கையின்படி, புற்றுநோய் கண்ட 649 ஆண்களுள் புகைக்காதவர்கள் இருவர் மட்டுமே. ஒப்பீட்டுக்காக எடுத்த 649 ஆண்களுள் புகைக்காதவர்கள் 27 பேர். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே டொல் புகைத்தலை விட்டுவிட்டார்.

1951 இல் பிரித்தானிய வைத்தியர்கள் அனைவருக்கும் கடிதம் அனுப்பி அவர்களது புகைத்தற் பழக்கத்தை வினவினர். சுமார் 40,000 பேர் பதிலளித்தனர். பின்னர் அவர்கள் எந்த நோயால் இறக்கிறார்கள் என்பதை ஆண்டுதோறும் பதிந்து வந்தனர். 1954 இல் முதல் முடிவு வந்தது: அதிகம் புகைப்போர் அதிகமாகச் சுவாசப்பைப் புற்றுநோயால் இறந்தனர். இந்த ஆய்வு ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்தது. வாழ்நாள் முழுவதும் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர் என 2004 இல் டொல் அறிவித்தார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த முடிவைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் ஒருவர், எழுமாற்று முறையின் தந்தையான அதே ரொனால்ட் பிஷர். சுங்கான் புகைப்பவரான அவர் புகையிலைக் கம்பனிகளின் ஆலோசகராகவும் இருந்தார். ஆட்களை எழுமாறாகப் பிரிக்கவில்லையே, எனவே காரணம் வேறாக இருக்கலாம் என்பது அவரது வாதம். வாதம் முற்றாகத் தள்ளிவிடக்கூடியதன்று. ஆனால் அவரது முடிவு தவறாயிற்று. எழுமாற்றுச் சோதனை நடத்த முடியாத இடத்தில் ஒன்று மற்றதற்குக் காரணமா என்பதை எவ்வாறு ஆராய்வது என்று 1965 இல் ஹில் நிகழ்த்திய உரையில் ஒன்பது கோணங்களை எடுத்துக்காட்டினார். உலகெங்கும் பொதுச் சுகாதார மாணவர்கள் அவற்றை இன்னும் படிக்கின்றனர்.

இறுதிக் காலமும் மகனின் பணியும்

1954 இல் ரோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1961 இல் சேர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் ஓய்வு பெற்றார். இருபது வயதில் இறந்துவிடுவார் எனக் கருதப்பட்டவர், 1991 ஏப்பிரல் 18 ஆந் திகதி தமது 93 ஆவது வயதிற் காலமானார்.

அவ்வாண்டிலேயே அவருடைய நூலின் 12 ஆம் பதிப்பு வெளிவந்தது. அதில் மகன் டேவிட் ஹில்லின் பெயரும் இருந்தது. தந்தை அட்டவணையைப் பார்த்து எழுமாற்று எண்களை எடுத்தார் அல்லவா? மகனோ 1982 இல் பிரையன் விச்மன் என்பவருடன் சேர்ந்து, கணினியே அத்தகைய எண்களை உண்டாக்கும் முறையொன்றை வெளியிட்டார். விச்மன்–ஹில் முறை எனப்படும் அது, ஆர் மென்பொருளில் ஒரு தெரிவாக இடம்பெற்றுள்ளது. எக்செல் மென்பொருளின் 2003 ஆம் ஆண்டுப் பதிப்பும் இம்முறையையே பயன்படுத்தியது. தந்தையின் உறைகளுக்குள் இருந்தது என்ன என்பதை, உங்கள் கையாலேயே உண்டாக்கிப் பார்க்கலாம். மீதி காணத் தெரிந்தால் போதும்.

மூன்று முழுவெண்களுடன் தொடங்குங்கள். 1, 2, 3 என எடுப்போம். முதலாவதை 171 ஆற் பெருக்கி 30269 ஆற் பிரித்து மீதியை எழுதுக. இரண்டாவதை 172 ஆற் பெருக்கி 30307 ஆற் பிரித்து மீதியை எழுதுக. மூன்றாவதை 170 ஆற் பெருக்கி 30323 ஆற் பிரித்து மீதியை எழுதுக. இப்போது 171, 344, 510 கிடைக்கும். ஒவ்வொரு மீதியையும் அதற்குரிய வகுஎண்ணால் தசமமாக வகுத்து மூன்றையும் கூட்டுக. கூட்டுத்தொகையின் முழுவெண் பகுதியை நீக்கிவிட்டுத் தசமப் பகுதியை மட்டும் வைத்துக்கொள்க. விடை 0.0338. இது 0.5 இலும் குறைவு. ஆகவே முதலாவது உறைக்குள் ஸ்ரெப்டோமைசின் என எழுதலாம்.

அந்த மூன்று மீதிகளையும் மீண்டும் அதே எண்களாற் பெருக்கி, அதே போன்று செய்தால் மீதிகள் 29241, 28861, 26054 ஆகும். விடை 0.7775. இது 0.5 இலும் கூடியது. இரண்டாவது உறைக்குள் படுக்கை ஓய்வு. மூன்றாவது உறையை நீங்கள் செய்யுங்கள். 0.0527 என வந்தால் சரி. தொடக்கத்தில் எடுத்த மூன்று எண்களையும் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை அறிந்தவர் எல்லா உறைகளையும் திறக்காமலே வாசித்துவிடுவார்.